நாற்பது கிலோமீட்டரில் ஒரு வெளிநாடு!

வெளிநாட்டுக்குப் போனால் நாமெல்லாம் எவ்வளவு சமர்த்துப் பிள்ளைகளாக மாறிவிடுகிறோம், கவனித்திருக்கிறீர்களா?

சிங்கப்பூரில் ஒரு சாக்லேட் பேப்பரைக்கூடக் கீழே போட மாட்டோம். குப்பைத் தொட்டி கண்ணில் படும்வரை கைப்பையிலேயே வைத்துக்கொண்டு நடப்போம். பாங்காக்கில் கோயிலுக்குள் நுழையும் முன் ‘இந்த டிரெஸ் பரவாயில்லையா?’ என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள்வோம். கொழும்பில் கொத்து ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டால் கடை வாசலிலேயே நின்று, ‘இதுல என்னெல்லாம் போடுறீங்க?’ என்று ஆசையாக விசாரிப்போம். பெயர் தெரியாத பழத்தைக்கூட ‘ஒரு தடவை ருசிச்சுத்தான் பார்ப்போமே’ என்று வாயில் போட்டுக்கொள்வோம்.

அதே நாம், நம்மூர் மலைக்கு ஒரு சனி, ஞாயிறு கிளம்பினால்? கார் டிக்கியில் கீழிருந்தே பிரியாணி பார்சல், தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட். அருவியில் ஒரு குளியல், ஐம்பது செல்ஃபி. சாப்பிட்ட பேப்பர் பிளேட்டும் டம்ளரும் பாறை மேலேயே இருக்கும். நாம் இறங்கி வந்துவிடுவோம். அந்த மலையில் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டோம்.

இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கூடவே ஒரு நல்ல சாப்பாட்டைப் பற்றியும்!

அதுவும் நாடுதான்!

எங்கள் கூட்டம் நாலு பேர். சின்னசேலத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருப்பவள், பேங்கில் வேலை பார்ப்பவள், கல்யாணமாகிப் பதினைந்து வருடமாக சிங்கப்பூரில் இருப்பவள், அப்புறம் நான். கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறை. சிங்கப்பூர்க்காரி லீவில் வரும்போதெல்லாம் நாலு பேரும் எங்காவது போயே தீர வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

இந்தத் தடவை பேங்க் தோழி பெரிதாக ஆரம்பித்தாள். “மூணு நாள், ரெண்டு நைட். பாங்காக் பேக்கேஜ் இருக்குடி. இல்லன்னா கொழும்பு. இந்த வயசுல போகாம எப்பப் போறது?”

“நான் வெளிநாட்டுலதான்டி இருக்கேன். ஊருக்கு வந்தும் வெளிநாடா?” என்று அலுத்துக்கொண்டாள் சிங்கப்பூர்க்காரி.

டீச்சர்தான் தீர்ப்புச் சொன்னாள். “அப்போ கல்வராயன் மலைக்குப் போவோம். அதுவும் நாடுதான். பாஸ்போர்ட் மட்டும் வேணாம்.”

டீச்சர் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் உண்மைதான். கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பக்கத்தில் இருக்கும் பஞ்சாயத்துகளின் பெயர்களைப் பாருங்கள். சின்ன கல்வராயன் மலையில் வடக்குநாடு, தெற்குநாடு. பெரிய கல்வராயன் மலையில் மேல்நாடு, கீழ்நாடு. பக்கத்தில் கொல்லிமலைக்குப் போனால் வளப்பூர்நாடு, வாழவந்திநாடு. பச்சைமலையில் வண்ணாடு, கோம்பைநாடு. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் ஊர்களை நாடு நாடாகப் பிரித்து வைத்திருந்த பழக்கம், அரசாங்கக் காகிதத்தில் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. (மலையாளி என்றதும் கேரளாவை நினைக்க வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்கள் அர்த்தம் சொல்வார்கள். பேச்சு தமிழ்தான்.) காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பிகள், ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2,000 அடியிலிருந்து 3,000 அடிக்கு மேல் வரை போகும் உயரம். 2019 நவம்பர் 26-ம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, கல்வராயன் மலையும் தனித் தாலுகா ஆனது. தலைமையிடம் வெள்ளிமலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர்.

பேங்க் தோழி உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் ஓட்டு மூன்றுக்கு ஒன்று. மலை ஜெயித்தது.

பிரியாணி பார்சல் பஞ்சாயத்து

கார்த்திகை மாதம். மழை விட்ட ஒரு சனிக்கிழமை. காலை டிபனைக் கள்ளக்குறிச்சியில் முடித்தோம். கிளம்பும் முன் ஒரு மரச் சிற்பப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தோம். ‘டொக் டொக்’ என்று உளிச் சத்தம். வாகை மரக்கட்டை ஒன்றுக்குள்ளிருந்து பிள்ளையாரின் தொந்தி மட்டும் வெளியே வந்திருந்தது. தும்பிக்கை இன்னும் கட்டைக்குள் இருந்தது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மதுரை மல்லிக்கும் பத்தமடைப் பாய்க்கும் கிடைத்த அதே அங்கீகாரம். இந்தப் பக்கம் போகிறவர்கள் பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் பார்த்துவிட்டுப் போங்கள். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்து வந்தது பஞ்சாயத்து. “மதியத்துக்கு பிரியாணி பார்சல் வாங்கிடலாம். மேல என்ன கிடைக்கும்னு தெரியாது. வயிறு கெட்டா என்ன பண்றது?” என்றாள் பேங்க் தோழி. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

டீச்சர் அசையவில்லை. அவளுடைய பழைய மாணவி ஒருத்தியின் வீடு மலையில் இருக்கிறது. முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம். நாலு பேருக்குச் சாப்பாடு, அவர்கள் வீட்டில் என்ன செய்வார்களோ அது, அதற்குரிய பணம் என்று பேசி முடித்துவிட்டாள்.

சிங்கப்பூர்க்காரி அப்போது சொன்னது முக்கியமான விஷயம். “எங்க ஊருக்கு வர்ற டூரிஸ்ட் எல்லாரும் ஹாக்கர் சென்டர்ல க்யூல நிக்கிறாங்க. அது பெரிய ஹோட்டல் இல்ல. சாதாரண ஜனங்க சாப்பிடுற இடம். அந்தச் சாப்பாட்டுப் பழக்கத்துக்கே 2020-ல யுனெஸ்கோ அங்கீகாரம் குடுத்துச்சு. ஊருக்குப் போனா அந்த ஊரச் சாப்பிடணும்டி. இல்லன்னா வீட்லயே இருந்துக்கலாம்.”

பார்சல் கேன்சல்!

அணை, அருவி, ஓடை

கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. மலை அடிவாரத்தில், 46 அடி உயர அணை. மழைக்காலம் என்பதால் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பின்னால் மலை நீலமாக, மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றது. கோமுகியும் மணிமுக்தாவும் இந்த மலையில் பிறக்கும் ஆறுகள். இரண்டும் கடைசியில் வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டை பக்கம் கடலுக்குப் போகின்றன. கள்ளக்குறிச்சிப் பக்கத்து வயல்களில் நிற்கும் கரும்புக்கும் நெல்லுக்கும் இந்த மலைமேல் பெய்யும் மழைதான் ஆதாரம். நம் வீட்டுப் பொங்கல் பானைக்குள்ளும் இந்த மலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அணையைத் தாண்டி ஏறினால் வளைவு மேல் வளைவு. வழியிலேயே பெரியார் அருவி. ரொம்ப நடக்கத் தேவையில்லை என்பதால் வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு வசதி. மேகம், கவியம் என்று இன்னும் சில அருவிகள் உள்ளே இருக்கின்றன. அவற்றுக்கு நடக்கத் தெம்பு வேண்டும், உள்ளூர் ஆளின் துணையும் வேண்டும். கரியாலூரில் படகுச் சவாரி உண்டு. சேலம் பக்கம் இறங்கினால் கருமந்துறை, ஆத்தூர் அருகே முட்டல் ஏரி, ஆனைவாரி அருவி.

அருவித் தண்ணீர் முதுகில் விழுந்த சுகத்தை எழுதி விளக்க முடியாது. பேங்க் தோழி அரை மணி நேரம் வெளியே வரவில்லை. “பாங்காக் போயிருந்தா இந்நேரம் மால்ல ஏசிக்குள்ள இருந்திருப்போம்” என்று அவளே சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்தபோது அமைதியாக இருப்பதுதான் நட்பு!

மேலே போகும் வழியில் ஓர் ஓடைப்பக்கம் வண்டியை நிறுத்தினோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கால் வைக்கப்போன சிங்கப்பூர்க்காரியை டீச்சர் கையைப் பிடித்து இழுத்தாள். தண்ணீருக்கடியில் நிஜமாகவே கண்ணாடி. உடைந்த பாட்டில் சில்லுகள். கரையில் சிப்ஸ் கவர், பிளாஸ்டிக் டம்ளர், பாதி சாப்பிட்டுத் தூக்கியெறிந்த பார்சல்.

அந்த ஓடையில் ஆடு மேய்க்கும் பையன்கள் வெறுங்காலோடு இறங்குகிறார்கள். பெண்கள் துணி துவைக்கிறார்கள். பாட்டிலை உடைத்தவர் அடுத்த நாள் ஆபீசில் ஏசி அறையில் உட்கார்ந்து ‘செம டிரிப்’ என்று ஸ்டேட்டஸ் வைத்திருப்பார்.

சிங்கப்பூர்க்காரி பையில் இருந்த பெரிய கவரை எடுத்தாள். கையில் எடுக்க முடிந்ததையெல்லாம் நாலு பேரும் பொறுக்கினோம். “அங்க குப்பை போட்டா முதல் தடவைக்கே 2,000 டாலர் வரைக்கும் அபராதம் போட முடியும். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்கணும்னு 2021-லேருந்து சட்டம். அதான் எல்லாரும் ஒழுங்கா இருக்கோம். பயம்டி. இங்க பயம் இல்ல. ஆனா பயம் இல்லாத இடத்துலதான் நாம யாருன்னு தெரியும்” என்றாள். பேங்க் தோழி பதில் பேசாமல் அடுத்த கவரை விரித்தாள்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும்

மதியம் ஒரு மணிக்கு மாணவியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் சாணம் மெழுகிய திண்ணை. ஒரு பக்கம் சாமைக் கதிர் காய்ந்துகொண்டிருந்தது. திண்ணையில் வீட்டின் மூத்தவர், எண்பது வயதுக்கு மேல் இருக்கும் ஆயா. உள்ளே அக்கா, அதாவது மாணவியின் அம்மா, அடுப்படியில்.

இலையில் விழுந்தது சாமைச் சோறு. வெள்ளை வெளேர் என்று இருக்காது. லேசாக மங்கிய நிறம், உதிரி உதிரியாக. அதன் மேல் பச்சை மொச்சைக் குழம்பு. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல், சுட்ட மிளகாயும் புளியும் உப்பும் வைத்து அரைத்த துவையல். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு தனியாக. கடைசியில் கொள்ளு ரசம். அப்புறம் தினை மாவில் தேன் விட்டுப் பிசைந்த உருண்டை, ஆளுக்கு இரண்டு. அக்கா மூன்றாவது உருண்டையை வைக்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

“தினமும் இதான் சாப்பிடுவீங்களாக்கா?” என்று கேட்டேன். நாம் எல்லோரும் கேட்கும் கேள்விதான்.

அக்கா சிரித்துவிட்டார். “தினமும் ரேஷன் அரிசிதான். சாமைய யாரு குத்துறது?”

அந்தப் பதிலில் ஒரு பெரிய கதை இருக்கிறது. சிறுதானியம் உடம்புக்கு நல்லது என்று நாம் கண்டுபிடித்து, அதற்காக ஐ.நா. சபை 2023-ம் ஆண்டையே சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கீழே கடையில் சாமை அரிசி பளபள பாக்கெட்டில் விற்கிறது. ஆனால் சாமையின் உமி எளிதில் கழலாது. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்துத்தான் ஒரு வேளைச் சோறு. முழுக்கப் பெண்கள் வேலை. தோள்பட்டை விட்டுப்போகும். நெல்லரிசி கைக்கு வந்தபோது இந்தப் பெண்கள் கொஞ்சம் உட்கார முடிந்தது. அதற்காக அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. மாவு மில் மாதிரி சாமை தீட்டும் மெஷின் பக்கத்திலேயே இருந்து, நல்ல விலைக்கு வாங்க ஆளும் இருந்தால்தான் மலையில் சாமை நிற்கும்.

அந்த நிலத்தில் இப்போது பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம். மரவள்ளி லாரி ஏறி ஆத்தூர், சேலம் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. அங்கே ஜவ்வரிசி ஆகிறது. சேலம் ஜவ்வரிசிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த தடவை பாயசம் வைக்கும்போது இந்த மலையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பேங்க் தோழி போனை எடுத்தாள். ஆயாவின் சுருக்கம் விழுந்த முகம், காதில் தண்டட்டி, பின்னால் சாமைக் கதிர். அருமையான படம். எடுப்பதற்கு முன், “ஆயா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?” என்று கேட்டாள்.

ஆயா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எடுத்துக்கம்மா. கீழேருந்து வர்ற பிள்ளைங்க எல்லாம் எடுக்குதுங்க. கேட்டுட்டு எடுக்குறது நீதான்.” கொஞ்சம் நிறுத்தி, “ஏம்மா, நாங்க உங்க ஊருக்கு வந்தா இப்படி உக்கார வெச்சு சோறு போடுவீங்களா?” என்றார்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்ட மாதிரி தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேங்க் தோழி, “கண்டிப்பா வாங்க ஆயா” என்று விலாசத்தைக் காகிதத்தில் எழுதி, மாணவியிடம் கொடுத்தாள். அவள் அப்படிச் செய்வாள் என்று நாங்களே எதிர்பார்க்கவில்லை.

பெயர் என்ற சுமை

மாலையில் திண்ணையில் பேச்சு மாணவியின் படிப்புப் பக்கம் திரும்பியது. மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, கீழே ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். “எந்த ஊருன்னு கேட்டா வெள்ளிமலைப் பக்கம்னு சொல்றதில்ல மிஸ். கச்சிராயபாளையம்னு சொல்லிடுறேன்” என்றாள்.

“ஏன்?”

“கல்வராயன் மலைன்னு சொன்னாலே, ‘சாராயம் கொண்டாந்தியா’ன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க.”

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். எத்தனை குடும்பங்கள், எத்தனை பிள்ளைகள்! அது நடந்தது நகரத்துக்குள். அப்போது செய்தியெல்லாம் இந்த மலையையும் சேர்த்தே பேசியது. மலையில் சாராயம் காய்ச்சியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஏன் காய்ச்சினார்கள், வேறு என்ன வழி இருந்தது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து வர வேண்டும். அதனால்தான் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூலையில் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்ற அடிப்படைக் கேள்விகள் அதில் எழுந்தன.

இந்தக் கேள்விகளுக்கு வயது அதிகம். நாடு சுதந்திரம் வாங்கி ரொம்ப நாள் வரை இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-ல்தான் முழுமையாக அரசாங்கத்தின் கீழ் வந்தது. இந்தியாவில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-ல்தான். அதற்கு முந்தைய காலத்தை ஆயா ஒரே வரியில் சொன்னார்: “வருஷத்துல இத்தனை நாள் சும்மாவே ஏர் ஓட்டணும்னு இருந்துச்சு. போகலன்னு சொல்ல முடியாது.” திண்ணையில் நம் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய வாழ்நாளுக்குள் நடந்த விஷயம் இது.

இப்போது யோசியுங்கள். கீழிருந்து வரும் நாம் பாட்டிலோடு வந்து, ஓடையில் உடைத்துவிட்டுப் போகிறோம். கீழே போய், ‘கல்வராயன் மலையா? சாராய மலைதானே’ என்றும் நாமே சொல்கிறோம். அந்தப் பெண் தன் ஊர்ப் பெயரை மறைக்கிறாள். இது என்ன நியாயம்?

டீச்சர் அவளிடம் பாடம் நடத்தவில்லை. “அடுத்த தடவை எவனாவது கேட்டா, ‘தினை உருண்டை கொண்டாந்தேன், வேணுமா?’ன்னு கேளு” என்றாள். அந்தப் பெண் அன்றைக்கு முதல் தடவையாக வாய் விட்டுச் சிரித்தாள்.

பேங்க் தோழி போட்ட கணக்கு

இரவு மலையிலேயே ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கினோம். குளிர் இதமாக இருந்தது. போனில் சிக்னல் இல்லாததால் நாலு பேரும் பேசிப் பேசியே பாதி இரவைக் கழித்தோம். ஹாஸ்டலுக்கு அப்புறம் அப்படிப் பேசியது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும். மதியம் களியும் கோழிக் குழம்பும். கிளம்பும்போது தேன், சாமை அரிசி, கடுக்காய் வாங்கினோம். கல்வராயன் மலைக் கடுக்காய்க்குத் தனி மதிப்பு உண்டு. காட்டில் பொறுக்கி, காயவைத்து விற்கிறார்கள். நெல்லிக்காய், தான்றிக்காயோடு சேர்ந்தால் திரிபலா. தோல் பதனிடவும் கலம்காரித் துணியில் சாயம் பிடிக்கவைக்கவும்கூடக் கடுக்காய்தான். பாட்டி வைத்தியப் பெட்டியில் இருந்த காய்க்கு இவ்வளவு வேலை!

கீழே இறங்கும்போது பேங்க் தோழி காரிலேயே கணக்குப் போட்டாள். அவளுக்கு அது பொழுதுபோக்கு. பெட்ரோல் 1,500 ரூபாய். போகும்போதும் வரும்போதும் கள்ளக்குறிச்சியில் சாப்பிட்டது 1,060. அறை வாடகை 1,600. இரண்டு நாள் வீட்டுச் சாப்பாடு 1,400. தேன், சாமை, கடுக்காய் 1,280. மொத்தம் 6,840 ரூபாய். தலைக்கு 1,710.

“இதுல மலைக்குப் போனது எவ்ளோ தெரியுமா? 4,280” என்றாள். “பார்சல் கட்டிட்டுப் போய், எதுவும் வாங்காம வந்திருந்தா ரூம் வாடகை மட்டும்தான் மேல நின்னுருக்கும். அன்னைக்கே இறங்கியிருந்தா ஒத்த ரூபா நின்னுருக்காது. குப்பைதான் நின்னுருக்கும்.”

நான் இரண்டு பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை அவள் ஒரே கணக்கில் சொல்லிவிட்டாள்.

நீங்களும் போகலாமே!

அருவி பார்க்க அக்டோபர் முதல் ஜனவரி வரை நல்ல நேரம். கனமழை பெய்தால் குளிக்க விட மாட்டார்கள். வனத்துறை ‘போகாதீர்கள்’ என்று சொன்னால் போகாதீர்கள். அருவித் தண்ணீர் நம் நீச்சல் சர்டிபிகேட்டைப் பார்க்காது.

சாப்பாட்டுக்கு ஒரு நாள் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். முன்பின் தெரியாத வீட்டு வாசலில் போய் நின்று ‘சாமைச் சோறு கிடைக்குமா?’ என்று கேட்பது முறையல்ல. மலை ஊர்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. சின்ன டீக்கடைகள், மெஸ்கள் இருக்கின்றன. அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள். கீழே ஹோட்டலில் பில்லைப் பார்த்துப் பேசாமல் கொடுக்கும் நாம், மேலே பத்து ரூபாய்க்குப் பேரம் பேச வேண்டாம். சாமையைக் குத்திய தோள்பட்டை அந்த விலைக்குள் இருக்கிறது.

எல்லா இடத்திலும் போன் பணப் பரிமாற்றம் நடக்காது. சில்லறையாகப் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரை வீட்டு ஸ்டீல் பாட்டிலில் கொண்டுபோகலாம். இரண்டு பெரிய காலிப் பைகளை மறக்காதீர்கள். ஒன்று நம் குப்பைக்கு. இன்னொன்று முன்னால் வந்தவர் விட்டுப்போனதற்கு. கூட்டத்தில் யாராவது ‘சரக்கு’ என்று ஆரம்பித்தால், இந்தப் பயணத்துக்கு வேண்டாம் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். எடுத்த படத்தை அவர்களுக்கும் அனுப்புங்கள். கூடுதலாக அரை நாள் இருந்தால் திருக்கோவிலூர் பக்கம் போய், உலகளந்த பெருமாளையும் தென்பெண்ணை ஆற்றில் நிற்கும் கபிலர் குன்றையும் பார்த்துவிட்டு வரலாம்.

பாங்காக், கொழும்பு எல்லாம் தாராளமாகப் போங்கள். நானும் போவேன். அங்கே போகும்போது எடுத்துப்போகிற மரியாதையை நம்மூர் மலைக்கும் எடுத்துப்போகலாம். அவ்வளவுதான் நான் கேட்பது.

அந்த மாணவி போன வாரம் டீச்சருக்குப் போன் செய்தாளாம். கல்லூரிக்கு ஒரு டப்பா நிறைய தினை உருண்டை கொண்டுபோனாளாம். ‘எந்த ஊர்ல செஞ்சது?’ என்று கேட்டவர்களிடம் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொன்னாளாம். பத்து நிமிடத்தில் டப்பா காலியாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்!